மூன்று தடவை கேட்கும் மிஸ்

என் பென்சிலைக் கேட்காமல் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் கரியை மட்டும் உருவிக்கொண்டு, கட்டையைப் பத்திரமாக என் மேசையில் திருப்பி வைத்தவர் ஒரே ஒருவர்தான். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, கட்டை எனக்குத் தேவைப்படவில்லை, அதனால்தான் கொண்டுவந்து வைத்தேன் என்றார். கோபித்துக்கொள்ளக்கூட இடம் கொடுக்காத மனுஷி.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் கெடாவில், பாலிங் போகும் சாலையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆய்வுக்கூடத்தில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ரப்பர் பாலைச் சேர்த்துவைக்கும் பால் ஸ்டோரை ஒட்டி மூன்று அறைகள். ஓர் உலை, ஒரு குளிர்பெட்டி, ஒரு தட்டச்சு இயந்திரம். தட்டச்சு என் ராஜ்யம். மற்றதெல்லாம் மிஸ்ஸுடையது. அவருக்கு அழகான கிறிஸ்துவப் பெயர் ஒன்று உண்டு, கடிதங்களில் நான்தான் அடிப்பேன். ஆனால் தோட்டத்து மேனேஜரான துரையிலிருந்து பால்வெட்டுக்காரர்கள் வரை எல்லாருக்கும் அவர் வெறும் மிஸ்தான். அலோர் ஸ்டார்க்காரர். பினாங்கில் ரசாயனம் படித்துவிட்டு வந்தவர். வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை, பத்து விரலும் எந்நேரமும் கறுப்பாக இருக்கும்.

முதல் பதிலை அவர் நம்பமாட்டார். அதுதான் அவர். அவரிடம் ஆறு வருடம் மாட்டிக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், வேறு எதைச் சொன்னாலும் அதற்குப் பிறகுதான்.

பஸ் பாலிங் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்பார். போகும் என்பான். ஏறியதும் டிரைவரிடம் கேட்பார். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கும் மலாய்க்கார மாமியிடம் கேட்பார். ஒரு தடவை அந்த மாமி சந்தேகம் வந்து, தானே எழுந்துபோய் டிரைவரிடம் கேட்டுவிட்டு வந்தாராம். கோப்பிக்கடை அண்ணனிடம் தினமும் சீனி இல்லாத கறுப்புக் கோப்பி கேட்பார். சீனி போட்டீங்களா? குடிப்பதற்கு முன் ஒரு தடவை, குடித்த பிறகு ஒரு தடவை, குவளையைத் திருப்பித் தரும்போது ஒரு தடவை. அந்த அண்ணன் நாளடைவில் தேறிவிட்டார். மிஸ் கடை வாசலில் கால் வைக்கும்போதே, "போடல மிஸ், போடல, போடல" என்று மொத்தமாகச் சொல்லிவிடுவார். மிஸ் அதை ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்வார். இன்னும் இரண்டு பாக்கி.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு ஒரு கல்யாணம் போயிற்று. அவரைக் கேட்டால் பிழைத்தது என்பார். பெண்டாங்கிலிருந்து பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் பெண் பார்க்க வந்தார். வந்து உட்கார்ந்ததும் மிஸ், நீங்கள் குடிப்பீர்களா என்று கேட்டிருக்கிறார். சேச்சே என்றாராம் அவர். சாப்பாடு பரிமாறும்போது மறுபடி கேட்டார். விசேஷத்துக்கு மட்டும் என்று பதில் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது துண்டை நீட்டிக்கொண்டே மூன்றாவது தடவை கேட்டார். நல்ல சாப்பாடு உள்ளே போன மயக்கமோ என்னவோ, வாரத்துக்கு நாலு நாள் என்று மனுஷன் உண்மையைச் சொல்லிவிட்டார். மிஸ் அவருக்குப் பாயசம் கொடுத்து, ஜெபமாலையோடு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"மொத தடவ வாய்தான் பேசும் கிராணி. மூணாவது தடவதான் ஆளு பேசுவாரு" என்பார் என்னிடம்.

கறுப்பு விரல்களுக்கு வருகிறேன். ரப்பர் பாலில் செம்பு கலக்கக்கூடாது. துளியூண்டு கலந்தாலும் போதும், ரப்பர் சீக்கிரமே பிசுபிசுத்துக் கெட்டுவிடும். வாங்குகிறவன் திருப்பி அனுப்பிவிடுவான். செம்பு இருக்கிறதா என்று பார்க்கும் பெரிய கருவி தலைமை அலுவலகத்தில்தான் இருந்தது. இங்கிருந்து சாம்பிள் அனுப்பினால் பதில் வருவதற்குள் அந்தப் பால் கப்பல் ஏறிவிடும். மிஸ்ஸுக்கு இது பொறுக்கவில்லை. நாமே ஒன்று செய்துவிடலாம் என்று உட்கார்ந்தார். என் நிம்மதி அன்றோடு போயிற்று.

அவர் செய்தது மின்முனை. கரித்தூளில் பாரஃபின் எண்ணெய் விட்டு, கல்லுரலில் போட்டு, இடியாப்ப மாவு பதத்துக்குப் பிசைவார். அதில் ஒரு வெள்ளைத் தூளை ஊசிமுனையளவு சேர்ப்பார். ஊசி போடும் சிரிஞ்சின் மூக்கை வெட்டிவிட்டு, அதற்குள் இந்தக் கரியை அடைப்பார். பின்னாலிருந்து மின்சாரம் போவதற்கு என் பென்சில் கரி. முன்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டும், அதற்கு வெள்ளைத் தாளில் வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். தாள் யாருடையது? என்னுடையது. ஒரு தடவை சோதித்ததும் கரியைக் கொஞ்சம் வெளியே தள்ளி, பழைய முகத்தைத் துடைத்தெறிந்துவிட்டுப் புது முகம் தேய்க்க வேண்டும். ஆக ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தாள், ஒவ்வொரு சாம்பிளுக்கும் மூன்று சோதனை. நான் பீரோவைப் பூட்டினேன். சாவியை டிராயரில் வைத்தேன். அவர் டிராயரைத் திறந்து, சாவியை எடுத்து, தாளை எடுத்து, பீரோவைப் பூட்டி, சாவியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். துரைக்கு அடித்த கடிதத்தைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் கறுப்பு வட்டம்.

அந்த வெள்ளைத் தூள்தான் விஷயமே. அவருடைய பழைய பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து விமானத் தபாலில் அனுப்பியது. சுண்டுவிரல் உயரக் குப்பி, அதில் பாதிகூட இல்லை. அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னைக் குளிர்பெட்டியில் வைத்து, குளிர்பெட்டியில் சோற்றுப் பொட்டலம் வைக்கக்கூடாது என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டினார். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். மிஸ் தன் சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் சேர்த்து ஒரு வளையம் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வளையங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் ஓட்டை, செம்பு உட்காரும் அளவுக்குச் செய்தது.

"திருவிழாவுல வளையல்காரரு கையப் பிடிச்சுப் பாத்தே அளவு சொல்லுவாரு இல்ல, அது மாதிரி. இரும்பு வரும், சுண்ணாம்பு வரும், வந்து பாத்துட்டுப் போயிரும். செம்பு மட்டும் உள்ள வந்து குந்திக்கும். விருந்தாளி வந்து குந்துனதும் நாம கரன்ட குடுத்து எத்தன பேருன்னு எண்ணிக்கலாம்."

மின்முனையைச் சாம்பிளில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, எடுத்துக் கழுவி, சுத்தமான திரவத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தால், பக்கத்துப் பெட்டியில் ஒரு பேனா தானாக நகர்ந்து கோடு போடும். செம்பு இருந்தால் கோடு மேடாக ஏறி இறங்கும். இல்லாவிட்டால் சும்மா படுத்துக் கிடக்கும். அவ்வளவுதான். இதற்காகத்தான் என் பென்சில்கள் உயிரை விட்டன.

ஆனால் அவர் ஆரம்பத்தில் பென்சில் கரியைத் தொடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். முதலில் ஒரு கம்பியைத்தான் வைத்தார். அந்த வாரம் எங்கே பார்த்தாலும் செம்பு. மழைத்தண்ணீரில் செம்பு, கோப்பியில் செம்பு, என் வீட்டு ரசத்தில்கூட செம்பு. மிஸ்ஸின் கண்கள் ஜொலித்தன. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனவர் தீர்த்தத் தொட்டியிலிருந்து ஒரு குப்பி பிடித்துவந்து சோதித்தார். பேனா மலையேறியது. உடனே போய்ப் பாதிரியாரிடம் உங்கள் தீர்த்தத்தில் செம்பு என்று சொல்ல, பாவம் அவர் தொட்டியையே கழற்றிப் போட்டுத் தேய்க்கவைத்தார். பிறகுதான் மிஸ்ஸுக்குத் தலையில் உறைத்தது. உள்ளே வைத்த கம்பி, செம்புக் கம்பி. செம்பைத் தேடுகிற மின்முனைக்குள் செம்பையே வைத்து அடைத்திருக்கிறார்!

வேறு யாராக இருந்தாலும் சத்தம் போடாமல் இருந்திருப்பார்கள். மிஸ் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், எல்லாரும் இருக்கும்போதே முன்னால் போய் நின்று, தீர்த்தம் நல்ல தீர்த்தம், செம்பு என் கம்பியில்தான் இருந்தது என்று மன்னிப்புக் கேட்டார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் ஆமென் சொன்னார்களாம். அன்றிலிருந்துதான் எல்லாவற்றையும் மூன்று தடவை கேட்கிற வழக்கம் என்று அவர் சொல்வார். நான் அதை நம்பவில்லை. பிறவிக்குணம் அது.

இப்படியாக நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தபோது அந்த மாசி மாதம் வந்தது.

மாசியில் கெடாவில் வெயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இலையெல்லாம் உதிர்ந்து பால்மரங்கள் மொட்டையாக நின்றன. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பைப்புத் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். பாலும் குறைவு, அந்தக் குறைந்த பாலையும் வாங்குகிறவர் திருப்பி அனுப்பிவிட்டார். செம்பு. துரை கொதித்துப்போய் வந்தார். அவர் உள்ளூர்க்காரர்தான், நல்லவர்தான், ஆனால் எதையும் ஒரு நிமிஷத்தில் முடிவுகட்டிவிடுவார். அவர் கணக்கு இதுதான்: மரத்துக்கு அடிக்கிற பூஞ்சை மருந்தில் செம்பு உண்டு. மருந்து கலக்கிய வாளியில் பால் பிடித்திருக்கிறார்கள். மருந்து ஸ்டோருக்கும் பால் ஸ்டோருக்கும் சாவி ஒரே ஆளிடம். ஆகவே அந்த ஆள்தான் குற்றவாளி. மிஸ் சோதித்து ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், ரிப்போர்ட் கிடைத்ததும் அந்த ஆளை வேலையைவிட்டு நிறுத்த வேண்டும்.

அந்த ஆள் என் அக்காவின் கணவர். பால் ஸ்டோரை மேற்பார்க்கும் மண்டோர். வேலை போனால் கம்பெனி வீடும் போகும், ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். நாலு பிள்ளைகள். அக்காவுக்கு அந்த லயத்தைவிட்டால் வேறு உலகம் தெரியாது. மச்சான் என்னிடம் வந்து, "நா வாளியெல்லாம் தனித்தனியா தான்டா வச்சிருக்கேன், மாரியாத்தா மேல சத்தியம்" என்றார்.

மிஸ் பாலை எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, மின்முனையை வைத்தார். பேனா மேடு போட்டது. நான் தட்டச்சில் தாளைச் செருகினேன். மிஸ் அதை உருவி எடுத்து, அதிலேயே மின்முனையைத் தேய்க்க ஆரம்பித்தார். இது முதல் தடவைதான் என்றார். வாழ்க்கையில் முதன்முறையாக என் தாளை அவர் பாழாக்கியதற்கு நான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு மச்சானின் வாளிகளை ஒவ்வொன்றாகச் சுத்தமான தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் சோதித்தார். மருந்து வாளியில் பேனா எகிறியது. பால் வாளிகளில் வாளிக்கு வாளி ஒரு சின்ன மேடு, எல்லாவற்றிலும் ஒரே அளவு. மருந்து ஒட்டியிருந்தால் ஒன்றில் கூட இருக்கும், ஒன்றில் குறைய இருக்கும், அதெப்படி எல்லாம் ஒன்றுபோல் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் குப்பிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பைப்புத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஸ்டோர் வாசலில் வாளி அலசுகிற சிமிட்டித் தொட்டித் தண்ணீர். முதல் இரண்டுக்கும் கோடு படுத்துக் கிடந்தது. தொட்டித் தண்ணீருக்குப் பேனா தாளைவிட்டே வெளியே போய்விட்டது.

மிஸ் தொட்டிக்கரையில் குனிந்து எதையோ இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டுக்கொண்டு வந்தார். என் மேசைமேல் வைத்தார். புளியங்கொட்டை.

அது எப்படி அங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம் மாரியம்மன் கோயில் திருவிழா. கோயில் குத்துவிளக்கு, குடம், தாம்பாளம், மணி எல்லாவற்றையும் பெண்கள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது வழக்கம். புளிக்குச் செம்பும், செம்பு கலந்த பித்தளையும் கரையும், அதனால்தான் அந்தப் பளபளப்பு. லயத்தில் தண்ணீர் இல்லை. நிறையத் தண்ணீர் இருந்த ஒரே இடம் பால் ஸ்டோர்த் தொட்டி. மண்டோர் மனைவி என்ற உரிமையில் அக்காதான் எல்லாரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். மச்சான் கதவைத் திறந்துவிட்டார். தேய்த்து முடித்த பிறகு, இந்த வறட்சியில் ஒரு தொட்டித் தண்ணீரை யாராவது கொட்டுவார்களா? அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தத் தண்ணீரில்தான் வாரம் முழுக்கப் பால் வாளி அலசினார்கள். விளக்குகளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயிலில் வைத்தவன் நான்தான்.

"கிராணி, தொட்டியில யாராச்சும் எதையாச்சும் கழுவுனாங்களா?"

தெரியாது மிஸ் என்றேன்.

மிஸ் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மதியம் நான் வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள், "டேய், வாய மூடிக்கிட்டு இரு. சாமி சாமான் கழுவுனது ஒரு குத்தமா?" என்று சீறிவிட்டு, அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். திரும்பி வந்தேன். மிஸ் கைகழுவிக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார். இல்லை மிஸ், யாரும் கழுவவில்லை என்றேன். அவர் இதற்கும் தலையாட்டினார். கோபமே இல்லை. பெண்டாங் ஆசிரியருக்குத் துண்டை நீட்டியபோதும் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

சாயங்காலம் நான் தட்டச்சுக்கு உறை மாட்டும்போது வந்து நின்றார். கேள்வியை அவர் முடிப்பதற்குள்ளேயே நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திருவிழா, புளி, அக்கா, கதவு திறந்த மச்சான், விளக்குத் தூக்கின நான். மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார், எத்தனை குத்துவிளக்கு என்று. ஏழு என்றேன். அப்படியானால் பேனா தாளைவிட்டு வெளியே போனது சரிதான் என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுக் குளிக்கக் கிளம்பினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் துரையின் அறையில் நானும் இருந்தேன், குறிப்பெடுக்க. மிஸ் விளக்கினார். மருந்து இல்லை, வாளி இல்லை. தொட்டித் தண்ணீர். கோயில் பித்தளைச் சாமான்களை அதில் கழுவியிருக்கிறார்கள். தொட்டியைக் கொட்டிக் கழுவி, வாளிகளையும் நன்றாக அலசி, புதுத் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும். துரை வரைபடங்களைப் பார்த்தார், புளியங்கொட்டையைப் பார்த்தார், யார் அங்கே கழுவ அனுமதி கொடுத்தது என்று கேட்டார். என் பேனா நின்றுவிட்டது. மச்சான் கதைதான் முடிந்தது என்று நினைத்தேன்.

"நான்தான்" என்றார் மிஸ். தொட்டி ஆய்வுக்கூடத்தை ஒட்டி இருக்கிறது, பெண்கள் என்னிடம் கேட்டார்கள், யோசிக்காமல் சரி என்றுவிட்டேன் என்றார். தேவாலயத்தில் அத்தனை பேர் முன்னால் செம்புக் கம்பிக்காக மன்னிப்புக் கேட்ட அதே வாய்.

துரை நம்பிவிட்டார். அப்போதே எனக்கு ஒரு கடிதம் சொல்ல ஆரம்பித்தார். ஆய்வுக்கூட அதிகாரியின் பொறுப்பற்ற செயலுக்கு எச்சரிக்கை. இனி சாம்பிள்களை வழக்கம்போலத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சொந்தப் பரிசோதனைகளை உடனே நிறுத்த வேண்டும். மச்சானைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மிஸ் மின்முனைகளைக் கழுவி ஒரு டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கடிதத்தைக் கொண்டுபோனேன். ஒரு பிழைகூட இல்லாமல் அடித்திருந்தேன். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் படித்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார், ஓரத்தில் கட்டைவிரல் கரி பதிந்தது.

"ஏன் மிஸ் அப்பிடிச் சொன்னீங்க? நீங்களா இப்பிடி?"

"தொரை ஒரு தடவதான கேட்டாரு லா. மூணு தடவ கேட்டிருந்தா உண்மைதான் வந்திருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது மேசையில் அந்தச் சுண்டுவிரல் குப்பி கண்ணில் பட்டது. இனி அதற்கு வேலை இல்லை.

"நா போயி தொரைகிட்ட உண்மையச் சொல்லிடட்டுமா மிஸ்?"

"வேணாம் கிராணி."

ஆறு வருடம் அவரிடம் வேலை பார்த்தவன் நான். முதல் பதிலுக்கு என்ன மதிப்பு என்று அந்தத் தோட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. சரி மிஸ் என்று சொல்லிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.